வீட்டு மூலையில் ஓர் இலத்திரனியல் மேசை

கொல்லனுக்கு உலைக்களம், தச்சனுக்குப் பட்டறை, பொற்கொல்லனுக்கு உமிச்சட்டியும் ஊதுகுழலும் வைத்த சிறு திண்ணை. தொழில் எதுவாயினும் அதற்கென ஓர் இடமும், அவ்விடத்திற்கென ஓர் ஒழுங்கும் தொன்றுதொட்டு அமைந்து வந்துள்ளன. இவற்றோடு ஒப்பிடுமிடத்து மிக இளையது இலத்திரனியல் வேலை மேசை. அதன் வயது நூற்றாண்டு ஒன்றுக்குச் சற்றே கூடியது. ஆயினும் அம்மேசை பெரும்பாலும் தொழிற்சாலையில் வளர்ந்ததன்று, வீட்டில் வளர்ந்தது. மேல்மாடத்திலும், வாடகை அறையிலும், பள்ளிக்கூடத்து மூலையிலும், மோட்டார் வண்டிக் கொட்டிலிலும் அது வளர்ந்தது. ஆகவே அதன் வரலாறு கருவிகளின் வரலாறாக இருப்பதோடு, ஒரு வீட்டார் தம் பிள்ளைக்கு ஒரு மூலையை விட்டுக் கொடுத்தனரா, மறுத்தனரா என்பதன் வரலாறாகவும் அமைந்துவிட்டது.

ஜேர்மனியின் காள்சுறூகே நகரில் பேராசிரியர் ஹேட்ஸ் என்பார் 1886 ஆம் ஆண்டு முதல் 1888 ஆம் ஆண்டு வரை நடத்திய சோதனைகளால், மின்காந்த அலைகள் உண்டு என்பது ஐயத்திற்கிடமின்றி நிலைநாட்டப்பட்டது. அவர் 1894 ஆம் ஆண்டின் முதல் நாளில், முப்பத்தாறு வயதிலேயே காலமானார். அவருடைய ஆராய்ச்சியைப் பற்றிய கட்டுரையொன்றை அவ்வாண்டில் படித்த இத்தாலிய இளைஞன் ஒருவனுக்கு, அவ்வலைகளைக் கொண்டே கம்பியின்றிச் செய்தி அனுப்பலாகாதா என்ற எண்ணம் தோன்றியது. அவனே குலியெல்மோ மார்க்கோனி. அப்போது அவனுக்கு வயது இருபது. பல்கலைக்கழகத்துப் பட்டம் எதுவும் அவனிடம் இல்லை. இருந்தது ஓர் எண்ணமும், பொலோனா நகருக்கு அண்மையில் குடும்பத்திற்குச் சொந்தமான கிறிபோனே மாளிகையின் மேல்மாடத்து அறையுமேயாகும்.

அந்த அறை முன்னர் பட்டுப் புழு வளர்ப்பதற்குப் பயன்பட்டது. பையனின் முயற்சியில் தந்தையாருக்கு நம்பிக்கை இருக்கவில்லை. பெற்ற தாயாகிய அன்னி அம்மையாரோ மகனுக்குத் துணையாக நின்றார். 1894 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்து இரவொன்றில் மகன் தாயை அழைத்துச் சென்று, அறையின் ஒரு புறத்தில் ஒரு பொத்தானை அழுத்தினான். மறுபுறத்தில், இடையே கம்பி எதுவுமின்றி, மணி ஒலித்தது. வானொலி வரலாற்றின் முதல் நேயர் ஒரு தாய் என்று கூறுவது முற்றிலும் மிகையாகாது.

அம்மேல்மாடத்து மேசையில் இருந்த பொருள்கள் எவை? மின்பொறியை எழுப்பும் சுருள் ஒன்று, பொறி பாயும் உலோக உருண்டைகள், நிக்கல், வெள்ளி ஆகியவற்றின் அராவுதூள் அடைத்த கண்ணாடிக் குழாய் ஒன்று, தந்திச் சாவி, மின்கலங்கள். அலை வந்து பட்டதும் குழாயினுள் இருந்த தூள் ஒட்டிக்கொண்டு மின்னோட்டத்தைச் செல்ல விடும். சிறு சுத்தியல் ஒன்று தட்டியதும் மீண்டும் உதிர்ந்து அடுத்த அலைக்கு ஆயத்தமாகும். எவ்வுலோகத்தின் தூள், எவ்வளவு, குழாய் எத்துணை ஒடுக்கமாயிருத்தல் வேண்டும் என்பனவற்றை அறிதற்கு எண்ணற்ற முறை செய்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவ்வாறு செய்து பார்ப்பவனுக்கு இன்றியமையாத தேவை, இன்று விட்ட இடத்தில் நாளை தொடரக்கூடிய மேசையாகும். உணவு வேளைதோறும் ஒதுக்கி வைக்க வேண்டிய மேசையில் அவ்வேலை நடவாது. 1895 ஆம் ஆண்டில் மார்க்கோனி தன் கருவியை வெளியிற் கொண்டு சென்றான். குன்றுக்கு அப்பால் குறிப்புக் கிடைத்ததும் தமையன் துப்பாக்கியால் வெடி தீர்த்து அறிவித்தான் என்பர். 1901 ஆம் ஆண்டு டிசெம்பர் 12 ஆம் நாள் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து வந்த குறியைத் தாம் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். பட்டுப் புழு அறையிலிருந்து அதுவரை சென்ற காலம் ஏழே ஆண்டுகள்.

அதன் பின்னர் இத்துறை பணம் படைத்தோர் கையினின்றும் சாதாரண மக்கள் கைக்கு வந்து சேர்ந்தது. 1906 ஆம் ஆண்டில் அமெரிக்கரான பிக்காட் என்பார் படிகக் காட்டிக்கு உரிமைச் சாசனம் பெற்றார். அதற்கு முன்னரே கல்கத்தாவில் ஆசாரியர் ஜகதீச சந்திர போஸ் இத்தகைய படிகங்களை ஆராய்ந்து, 1904 ஆம் ஆண்டில் அமெரிக்க உரிமைச் சாசனமும் பெற்றிருந்தார். ஒரு துண்டு ஈயக்கனியத்தின் மீது மெல்லிய கம்பியின் முனையை மெதுவாகத் தொடச் செய்தால், மின்கலமே இன்றி வானொலி கேட்கலாம். கம்பிச் சுருள், படிகம், காதொலிக் கருவி, ஒரு நீண்ட வான்கம்பி, ஒரு நிலத்தொடுப்பு ஆகிய ஐந்து பொருள்களே போதுமானவையாயின. 1920 ஆம் ஆண்டு நவெம்பரில் அமெரிக்காவின் பிற்ஸ்பேக் நகரிலும், 1922 ஆம் ஆண்டு நவெம்பரில் இலண்டனிலும் ஒழுங்கான ஒலிபரப்புத் தொடங்கவே, வீடுகள்தோறும் இளைஞர் கருவி கட்டலாயினர். சொந்தமாகக் கருவி செய்வோர் தொகை பெருகியமையால், பிரித்தானிய அரசாங்கம் 1923 ஆம் ஆண்டில் அவர்களுக்கென்றே தனி உரிமச்சீட்டு வழங்க நேர்ந்தது.

வால்வு வந்தபொழுது மேசையின் தோற்றம் மாறியது. வால்வுகளையும் சுருள்களையும் நிறுத்துவதற்கு உறுதியான, மின் கடத்தாத அடிப்பலகை ஒன்று வேண்டியிருந்தது. சமையலறையில் அத்தகைய பலகை ஆயத்தமாகவே இருந்தது. அதுதான் பாண் வெட்டும் பலகை. நன்கு உலர்ந்த அம்மரப் பலகையில் ஆணிகளையும் திருகாணிகளையும் அறைந்து, அவற்றிற்கிடையே கம்பிகளை ஓட்டி, மின்சுற்று முழுவதையும் கண்ணுக்குத் தெரியும்படி பரப்பி வைத்தனர். பிழை எங்கே என்று பார்ப்பது எளிதாயிற்று. ஓர் உறுப்பை மாற்றுவதும் எளிதாயிற்று. இன்றும் துளைகள் நிரம்பிய பிளாஸ்திக் பலகையில், பற்றாசு இன்றிச் செருகிச் செய்யப்படும் சோதனைச் சுற்றுக்கு ஆங்கிலத்தில் ‘பாண் பலகை’ என்றே பெயர். தம் பலகை காணாமற் போனதைக் கண்டு சினந்த இல்லத்தரசியர் எத்தனை பேரோ! அவர்தம் இழப்பு அச்சொல்லில் நிலைத்துவிட்டது.

வால்வு மேசைக்கு இரு வகை மின்கலம் தேவைப்பட்டது. வால்வின் இழையைச் சூடாக்க அமிலம் நிறைந்த ஈயக் கலம். நேர்த்தகட்டுக்கு அறுபது முதல் நூற்றிருபது வோல்ற்று வரை தரும் உலர்கல அடுக்கு. அமிலம் சிந்தினால் மேசையும் விரிப்பும் உடையும் அரிக்கப்படும். ஆகவே அமிலக் கலத்தைத் தரையில், கண்ணாடி அல்லது மட்பாண்டத் தட்டின் மேல் வைத்தல் வேண்டும். பற்றவைக்கும் கோலின் தணல் அதன் அருகே செல்லாதிருத்தல் வேண்டும் என்ற விதிகள் எழுந்தன. இவ்வாறே மேசையின் ஒழுங்கு ஒவ்வொன்றும், எவரோ ஒருவர் இழந்த பொருளினின்றும் பட்ட காயத்தினின்றும் பிறந்தது.

இம்மேசைகளால் உலகத்திற்கு விளைந்த நன்மை யாது என்று வினவுவோர், 1924 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 18 ஆம் நாளை நினைவுகூர்தல் தகும். அக்காலத்தில் நெடுந்தூரத் தொடர்புக்கு நீண்ட அலைகளே உகந்தவை என்பது அறிஞர் துணிபு. 1912 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் 200 மீற்றரும் அதற்குக் குறைந்தனவுமான அலைகளையே பொழுதுபோக்காளருக்கு ஒதுக்கியது. பயனற்றவை எனக் கருதியே அவை அவர்களுக்கு விடப்பட்டன. அப்பயனற்ற அலைகளைக் கொண்டு, இலண்டன் மில்ஹில் பாடசாலையில் செசில் கோய்டர் என்ற பதினெட்டு வயது மாணவன், நியூசிலாந்தின் ஷாக் பள்ளத்தாக்கில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த பிராங் பெல் என்பவருடன் அன்று இருவழித் தொடர்பு கொண்டான். இருவருக்கும் இடையே இருந்த தூரம் 18,000 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. பூமியின் மறுபுறமே அதுவாகும். அதற்கு மேல் தூரம் செல்லப் பூமியில் இடம் ஏது?

பின்னர் பிராங் பெல் பண்ணைப் பொறுப்பை ஏற்கவே, அவருடைய சகோதரி பிரெண்டா பெல் அந்நிலையத்தைத் தொடர்ந்து இயக்கி, 1927 ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவுடன் தொடர்பு கொண்டார். கோய்டரோ 1936 ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலியின் பிரதம பொறியியலாளராகி, அதன் சிற்றலை நிலையங்களை அமைக்கும் பணியை முன்னின்று நடத்தினார். 1950 களில் இலங்கை வானொலியின் பாடல்களைப் பாரத நாடெங்கும் கொண்டு சென்றவையும் இத்தகைய சிற்றலைகளேயாம். பாடசாலை மேசையொன்றில் ஒரு மாணவன் கண்டது, பிற்காலத்தில் கோடிக்கணக்கான வீடுகளில் ஒலித்தது.

இலங்கையில் ஒலிபரப்புத் தொடங்கிய கதையும் இதே இயல்பினது. 1921 ஆம் ஆண்டில் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக வந்த எட்வேட் ஹார்ப்பர், 1923 ஆம் ஆண்டில் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து இசைத்தட்டுச் சங்கீதத்தைப் பரிசோதனையாக ஒலிபரப்பினார். அதற்குரிய கருவியை, முதலாவது உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டு தந்திப் பொறியியலாளர்கள் அமைத்தனர் என்று கூறப்படுகிறது. 1925 ஆம் ஆண்டு டிசெம்பர் 16 ஆம் நாள் ஒழுங்கான ஒலிபரப்பு வெலிக்கடையிலிருந்து தொடங்கியது. போரின் எச்சங்களைப் பிரித்து, வகைப்படுத்தி, வேண்டுவதை எடுத்துப் புதிதாகக் கட்டுதல் என்பது நல்ல வேலை மேசையின் தலையாய அறமாகும். இத்தீவின் வானொலி அந்த அறத்திலேயே பிறந்தது.

எனினும் இவ்வரலாற்றில் ஆபத்தின் பக்கமும் உண்டு. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜோன் லோகி பெயாட் 1923 ஆம் ஆண்டில் உடல்நலங் குன்றிய நிலையில் இங்கிலாந்தின் ஹேஸ்ரிங்ஸ் என்ற கடற்கரைப் பட்டினத்தை அடைந்தார். கையிற் பணமில்லை. பழைய தேயிலைப் பெட்டி, தொப்பிப் பெட்டி, தையலூசிகள், துவிச்சக்கரவண்டி விளக்கின் வில்லைகள், அரக்கு, பசை ஆகியவற்றைக் கொண்டு தொலைக்காட்சிக் கருவி ஒன்றைச் செய்ய முயன்றார். 1924 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஏறத்தாழ ஆயிரம் வோல்ற்று மின்சாரம் அவரைத் தாக்கியது. கை தீய்ந்ததோடு உயிர் தப்பியது. ஆயினும் இடத்தை விட்டு வெளியேறுமாறு அதன் உரிமையாளர் கூறிவிட்டார். அவர் இலண்டனுக்குச் சென்று வாடகை அறையொன்றில் வேலையைத் தொடர்ந்தார். 1926 ஆம் ஆண்டு ஜனவரி 26 ஆம் நாள் பிரித் வீதியிலுள்ள மேல்மாடி அறையில், அறிஞர் கழகத்தாரின் முன்னிலையில் தொலைக்காட்சியைச் செய்து காட்டினார்.

பெயாட் தப்பியது நற்பேறு. எல்லோருக்கும் அந்நற்பேறு வாய்ப்பதில்லை. ஆதலின், பிற்காலத்து மேசைகளில் சில பாதுகாப்பு மரபுகள் வேரூன்றின. உயர்ந்த மின்னழுத்தம் உள்ள கருவியை ஆராயும்போது ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இரு கைகளும் கருவியைத் தொட்டால் மின்சாரம் ஒரு கை வழியே நுழைந்து நெஞ்சைக் கடந்து மறு கை வழியே வெளியேறும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் வால்வு வானொலியின் கொள்ளளவிகளில் மின்னேற்றம் எஞ்சியிருக்கும். அதனைத் தடை ஒன்றின் வழியே வடித்து, அளவுமானியாற் சரிபார்த்த பின்னரே தொடுதல் வேண்டும். மேசைக்குச் செல்லும் மின்சாரம் முழுவதையும் ஒரே அசைவில் துண்டிக்கும் ஆளி, மேசையில் இருப்பவனுக்கு மட்டுமன்றி, ஓடி வருபவனுக்கும் எட்டக்கூடிய இடத்தில் இருத்தல் வேண்டும். காலடியில் உலர்ந்த இரப்பர் விரிப்பு; தனியே வேலை செய்யும்போது வீட்டிலுள்ள ஒருவருக்கு அதனை அறிவித்தல்; இவையும் அம்மரபைச் சேர்ந்தவை. இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. உயிரைப் பறிக்க அது தாராளமாகப் போதும்.

அளவுமானி என்ற கருவி மேசைக்கு வந்ததும் ஒரு திருப்பமே. பிரித்தானியத் தபாற் பகுதியிற் பொறியியலாளராயிருந்த டொனால்ட் மக்காடி என்பார், பழுது பார்க்கப் போகுமிடமெல்லாம் பல மானிகளைச் சுமந்து செல்வதில் சலிப்புற்று, மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை ஆகிய மூன்றையும் ஒன்றே அளக்கும் மானியை வகுத்தார். 1923 ஆம் ஆண்டில் ‘அவோமீற்றர்’ என்ற பெயருடன் அது விற்பனைக்கு வந்தது. அதுகாறும் ஊகித்துக்கொண்டிருந்தவன் அதன் பின்னர் அளக்கத் தொடங்கினான்.

அளவுக் கருவியையே வீட்டிற் செய்து உலகப் புகழ் பெற்றவர்களும் உளர். 1938 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பலோ அல்ரோ என்னுமிடத்தில், வில்லியம் ஹியூலற், டேவிட் பக்காட் என்னும் இருவர், வாடகைக்குப் பெற்ற வீட்டின் மோட்டார் வண்டிக் கொட்டிலில் வேலை தொடங்கினர். கைமுதல் 538 டொலர். துளையிடும் பொறி ஒன்றும் பழையதே. அவர்கள் செய்த கேள்வியலை உண்டாக்கியில், சாதாரண மின்குமிழ் ஒன்றையே தடையாக வைத்து அலையின் அளவைத் தானாகவே நிலைநிறுத்திய உத்தி போற்றத்தக்கது: அலை பெருகினால் குமிழின் இழை சூடேறித் தடை கூடும், தடை கூடவே அலை தணியும். அக்கருவிகளின் முகத்தகட்டில் பூசிய வண்ணத்தை, பக்காட்டின் மனைவி லூசில் அம்மையாரின் சமையல் அடுப்பில் வைத்தே உலர்த்தினர். அம்மையார் பல்கலைக்கழகத்தில் அலுவல் பார்த்து ஈட்டிய ஊதியமே தொடக்க காலத்தில் குடும்பத்தைத் தாங்கியது. கொட்டிலின் வெற்றியிலே அடுப்படிக்கும் பங்குண்டு.

1947 ஆம் ஆண்டு டிசெம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிற்றர் பிறந்தது. 1958 ஆம் ஆண்டில் ஜாக் கில்பி என்பார் பல உறுப்புகளை ஒரே துண்டில் அடக்கிய தொகையிடப்பட்ட சுற்றைச் செய்து காட்டினார். வால்வின் உயர் மின்னழுத்தம் மறைந்து, சில வோல்ற்றுகளே போதுமாயின. மனிதனுக்கிருந்த அச்சம் குறைந்தது. உறுப்புகளுக்கிருந்த அச்சம் கூடியது. மிகைச் சூட்டினால் திரான்சிற்றர் கெடும். விரலில் தேங்கிய நிலைமின்னே நுண்ணிய சுற்றைப் பாழாக்கும்; ஆகவே மணிக்கட்டிற் கட்டும் நிலத்தொடுப்புப் பட்டியும், மின்னை மெல்லக் கசியவிடும் விரிப்பும் மேசைக்கு வந்தன. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகும். ஈயத்தின் நச்சுத் தன்மை கருதி ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஆம் ஆண்டு யூலை முதலாம் நாள் முதல் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. அதற்கு மாற்றாக வந்த ஈயமற்ற பற்றாசு ஏறத்தாழ 217 பாகையிலேயே உருகத் தொடங்கும். எவ்வகையாயினும் பற்றாசுடன் எரியும் குங்கிலியத்தின் புகை மூச்சுக்கு ஆகாது. காற்றோட்டமுள்ள சாளரமும், வேலை முடிந்ததும் கை கழுவும் வழக்கமும் விலையற்ற பாதுகாப்புகள்.

இந்நூற்றாண்டு அனுபவத்தினின்றும் திரண்ட மேசையின் அமைப்பைச் சுருக்கமாகக் கூறலாம். முழங்கை உயரத்தில், அசையாத, மரப் பரப்புடைய மேசை. வேலைமீது நிழல் விழாதபடி எதிர்ப்புறத்திலும் இடப்புறத்திலும் ஒளி. வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு வலப்புறத்தில், கம்பிகளைத் தீண்டாதபடி தாங்கியில் வைத்த பற்றவைக்கும் கோல். மானிகளுக்குக் கண்மட்டத்தில் ஒரு தட்டு. குறடு, திருப்புளி, அரம் ஆகியன கண்ணை மூடிக்கொண்டும் எடுக்கத்தக்கவாறு தத்தம் இடத்தில். தடைகளைப் பெறுமானப்படி சிறு லாச்சிகளிலோ தீப்பெட்டிகளிலோ வகுத்து வைத்தல் வேண்டும். அவற்றின் மீதுள்ள வண்ண வளையங்களே எண்களாகும்: கறுப்பு 0, கபிலம் 1, சிவப்பு 2, செம்மஞ்சள் 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. இலங்கை போன்ற கடல் சூழ்ந்த நாட்டில் உப்புக்காற்று கருவிகளைக் கறள் பிடிக்கச் செய்யுமாதலின், மூடியுள்ள தகரப் பேணிகளும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் வேண்டும். இடி மின்னற் காலத்தில் வான்கம்பியைக் கருவியினின்றும் முன்கூட்டியே கழற்றி வைத்தலும் வேண்டும். இவை அனைத்திற்கும் மேலாக, செய்ததையும் பிழைத்ததையும் நாள் குறித்து எழுதிவைக்கும் ஒரு குறிப்புப் புத்தகம். பெரும்பாலான மேசைகளில் முதலிற் காணாமற் போவது இதுவே. பின்னர் மிகவும் தேடப்படுவதும் இதுவே.

இக்காலத்தில் வீட்டுக்கு வரும் கருவிகள் பல, திறக்க இயலாதவாறு பசையிட்டு மூடப்பட்டு வருகின்றன. பழுதுற்றால் எறிந்துவிட்டு வேறு வாங்குமாறு அவை பழக்குகின்றன. எறியப்பட்டவை குவிந்து, ஈயமும் இரசமும் மண்ணிற் கலக்கின்றன. ஆனால் அதனினும் பெரிய இழப்பு வேறொன்று உண்டு. தன் கையாற் பிரித்துப் பார்த்த கருவிக்கு ஒருவன் அஞ்சுவதில்லை. அது பேசுவதன் காரணம் அவனுக்குத் தெரியும். பிரித்துப் பாராத தலைமுறைக்கு எல்லாக் கருவியும் மந்திரப் பெட்டியாகும். பொருளை வாங்குவோர் பெருகி, அதன் பொருளை அறிவோர் அருகிய நாடு பிறர் கையையே பார்த்திருக்க நேரும்.

பட்டுப் புழு அறையும், பாண் பலகையும், பாடசாலை மூலையும், வண்டிக் கொட்டிலும் ஒரு செய்தியையே சொல்கின்றன. பெருஞ் செல்வம் எங்கும் இருக்கவில்லை. ஒருவர் இடம் கொடுத்தார். ஒருவர் பொறுத்துக் கொண்டார். ஒருவர் விடாது முயன்றார். இன்று ஏதோ ஒரு வீட்டின் பின்விறாந்தையில், பழைய வானொலி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, மேசை நிறையக் கம்பிகளைப் பரப்பியிருக்கும் பிள்ளைக்கு வீட்டார் செய்யத்தக்கவை இரண்டு. முதலாவது, எல்லோருக்கும் எட்டும் இடத்தில் ஓர் ஆளியைப் பொருத்திக் கொடுத்தல். இரண்டாவது, அந்த மேசையைத் துப்புரவு செய்கிறோமென்று தாமாகக் கலைக்காதிருத்தல். அன்னி அம்மையார் நள்ளிரவில் எழுந்து சென்று கேட்டது ஒரு சிறு மணியோசையே. அதன் எதிரொலி இன்னும் அடங்கவில்லை.